வேங்கடத்துக்கு அப்பால்: உலக நகரங்களில் நம் கோயில்கள்

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோயிலுக்கு வடகிழக்கே, கரிசல் பூமியின் நடுவே அமைந்திருக்கிறது திருவேங்கடம். ஏழுமலையான் எழுந்தருளிய திருமலையின் பழந்தமிழ்ப் பெயரையே தன் பெயராகத் தாங்கிய ஊர் இது. தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை கூறும் தொல்காப்பியப் பாயிரம், வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் குறிப்பிடுகிறது. அந்நாளில் வேங்கடம் என்றால் தமிழரின் நிலம் முடியும் இடம் என்று பொருள். அதற்கு அப்பால் மொழி வேறு, நாடு வேறு.

இன்று அந்த எல்லை வெகுதூரம் நகர்ந்துவிட்டது. வானம் பார்த்த பூமியை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்றுச் சிங்கப்பூரிலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் குடியமர்ந்திருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கோ, மகனின் புதுமனை புகுவிழாவுக்கோ ஊர்ப் பெரியவர்கள் விமானம் ஏறுகிறார்கள். ஈஃபில் கோபுரத்தின் முன்னும் சுதந்திர தேவி சிலையின் முன்னும் வேட்டி சேலையோடு நின்று எடுத்துக்கொண்ட படங்கள், வீட்டுக் கூடத்தில் சுவாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டப்படுகின்றன.

ஆனால், பிள்ளைகள் எத்தனை முறை அழைத்தாலும் தயங்குகிற பெரியவர்களும் பலர் உண்டு. கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. விடியலில் கேட்ட கோயில் மணி காதில் விழாத ஊரில், வெள்ளிக்கிழமை அம்மன் தரிசனம் கிட்டாத ஊரில், ஆறு மாதம் எப்படிக் கழியும் என்ற அச்சம் அவர்களுக்கு. போய் வந்தவர்களிலும் சிலர், "எல்லாம் பார்த்தோம், மனசுக்குத்தான் ஒன்றும் ஒட்டவில்லை" என்கிறார்கள்.

உலகின் பெருநகரங்கள் ஒவ்வொன்றிலும் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் புகழ்பெற்ற சின்னங்கள் உள்ளன. அவற்றுக்கு அருகிலேயே நம்மவர் கையால் எழுந்த கோயில்களும் உள்ளன. அவற்றை யார் எழுப்பினார்கள், என்ன பாடுபட்டு எழுப்பினார்கள் என்று அறிந்து தரிசித்தால், மனத்தில் ஒட்டாத ஊரும் ஒட்டும்.

கடல் கடக்கலாமா?

கடல் கடந்து செல்லுதல் ஆசாரத்துக்கு ஒவ்வாது என்ற எண்ணம் சில குடும்பங்களில் நெடுங்காலம் வலுவாக இருந்தது. ஆனால் தமிழரின் வரலாறு முழுவதும் அந்த எண்ணத்துக்கு அடங்கி நடந்ததில்லை. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் வரை சென்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே வணிகர்கள் கீழைக் கடலில் மரக்கலம் செலுத்தினார்கள்.

1893ஆம் ஆண்டு சிகாகோ சர்வசமய மாநாட்டில் பேசிய சுவாமி விவேகானந்தர், மேலைநாட்டுப் பயணம் முடித்து 1897ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் பாம்பனுக்கு அருகே குந்துகாலில் கரையிறங்கினார். சேதுக் கரையின் காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியே முன்னின்று அவரை வரவேற்றார். கடல் கடந்து வந்த துறவியை, இராமேசுவரத்து மண்ணே வணங்கி ஏற்றுக்கொண்டது.

கணித மேதை இராமானுஜனின் பயணத்துக்குத் தாயார் கோமளத்தம்மாள் முதலில் இசையவில்லை. பிறகு, குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் அவர் கனவில் தோன்றி, மகனைத் தடுக்க வேண்டாம் என்று பணித்ததாக அக்குடும்பத்து வரலாறு கூறுகிறது. 1914ஆம் ஆண்டு மார்ச் மாதம் இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். தெய்வமே உத்தரவு தந்து அனுப்பிய பயணம் என்றே அந்தத் தாய் மனம் தேறினார்.

கம்போடியாவில் சங்கரநாராயணர்

சங்கரன்கோயில் வட்டாரத்து அன்பர்களுக்குப் பெரும் வியப்பைத் தரக்கூடிய நாடு கம்போடியா. சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதிட்டதும், கோமதி அன்னை தவமிருந்து இருவரையும் ஓருருவில் காண வேண்டியதும், ஆடித்தபசு நாளில் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததும் இவ்வட்டாரத்துக் குழந்தைகளும் அறிந்த தல வரலாறு. வலப்பாகம் சடைமுடி தரித்த சிவன். இடப்பாகம் மகுடம் தரித்த திருமால்.

அதே திருவுருவம் 7ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்திலேயே கம்போடியாவில் கல்லில் வடிக்கப்பட்டிருக்கிறது. கெமர் மன்னர்கள் அங்கோர் நகரை எழுப்புவதற்கு முன் அமைத்த தலைநகர் ஒன்றின் பெயரே 'ஹரிஹராலயம்' என்பதாகும். ஹரியும் ஹரனும் ஒன்றாய் உறையும் ஆலயம் என்று அந்நகருக்குப் பெயர். இன்று ரொலுவோஸ் என வழங்கும் அவ்விடம், அங்கோருக்குச் செல்லும் பயணிகள் தங்குகிற சியம் ரீப் நகரிலிருந்து சிறு தொலைவிலேயே உள்ளது. 9ஆம் நூற்றாண்டில் முதலாம் இந்திரவர்மன் எழுப்பிய பாக்கோங் என்னும் சிவாலயம் படிப்படியாக உயரும் மலைபோல் அங்கே நிற்கிறது.

அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில். மேற்கு நோக்கிய இக்கோயில் அகழியையும் சேர்த்து ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்புடையது. திருவரங்கம் பெரிய கோயிலின் பரப்பு 156 ஏக்கர் என்பதை நினைத்தால் அதன் பெருமை விளங்கும். கிழக்குத் திருச்சுற்றில் தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. நடுவே கூர்ம மூர்த்தியின் மேல் மந்தர மலை. வழிகாட்டி யாரும் இல்லாமலே, புராணம் கேட்டு வளர்ந்த பாட்டி ஒருவர் அந்தச் சுவரைப் பேரனுக்குப் படித்துக் காட்டிவிடலாம்.

இக்கோயில் பின்னாளில் பௌத்தத் தலமாயிற்று. ஆயினும் மேற்கு வாயிலில் நிற்கும் எட்டுத் திருக்கரங்களையுடைய திருமாலின் சிலைக்கு அந்நாட்டு மக்கள் இன்றும் பட்டுச் சாத்தி, ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். பெயர் மாறினாலும் வழிபாடு நின்றுவிடவில்லை. உச்சி மண்டபத்துக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் திருச்சுற்றுகளைக் கண்டு திரும்புவதே போதும்.

பாரிசு நகரில் ஈஃபில் கோபுரத்தைப் பார்ப்பவர்கள், சேன் ஆற்றின் மறுகரையில் சற்று நடந்தால் கிமே அருங்காட்சியகத்தை அடையலாம். கம்போடியாவின் மகா ரோசே என்னும் தலத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஹரிஹரர் சிலை அங்கே இருக்கிறது. பாதி சடை, பாதி மகுடம். சங்கரன்கோயில்காரர் அதன் முன் நின்றால், பெயர்ப்பலகையைப் படிக்காமலே கை குவிப்பார்.

கூலிகளும் கைதிகளும் கட்டிய சந்நிதி

அங்கோரை எழுப்பியது அரச செல்வம். பிற்காலத்தில் கடல் கடந்த நம்மவர் கோயில்கள் அப்படி எழுந்தவை அல்ல.

சிங்கப்பூரில் கடற்கரைச் சிங்கமீன் சிலையையும் வானளாவிய விடுதிகளையும் காண்பவர்கள், சீனர் குடியிருப்பில் தென்பாலச் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலையும் காண வேண்டும். 1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை வைத்துத் தொழில் தொடங்கிய அவர், 1827ஆம் ஆண்டு இவ்விடத்தில் மரத்தாலும் ஓலையாலும் சிறு கோயில் ஒன்றை அமைத்து அம்மனை எழுந்தருளச் செய்தார். பின்னர் அது செங்கல் கட்டடமாக வளர்ந்தபோது, இந்தியாவிலிருந்து தீவாந்தரத் தண்டனை பெற்றுக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பும் அதில் சேர்ந்ததாகக் கருதுகிறார்கள். ஊரும் உறவும் இழந்தவர்கள், தங்கள் ஊரில் விட்டுவந்த தாயை இங்கே கட்டிக்கொண்டார்கள்.

புதிதாக வந்திறங்கிய தமிழருக்கு, வேலையும் உறைவிடமும் கிடைக்கும் வரை அக்கோயிலே புகலிடமாயிருந்தது. 1840 முதல் இங்குத் தீமிதித் திருவிழா நடைபெற்று வருகிறது. தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பாகப் பல்லாயிரவர் திரள்கிறார்கள். அருகிலுள்ள தெரு ஒன்றுக்குக் 'கோபுரத் தெரு' என்று பொருள்படும் பெயர் அமைந்ததற்கு இக்கோயிலின் கோபுரமே காரணம். 1973ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு இதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

மலேசியாவின் கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரங்களைப் பார்த்தவர்கள், நகரிலிருந்து ரயில் ஏறி பத்துமலை செல்லலாம். சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் முருகன் சந்நிதி அமைந்தது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. தொடக்கத்தில் மலைப்பாதை, 1920இல் மரப்படிகள், 1940இல் 272 சிமெந்துப் படிகள். 2006ஆம் ஆண்டு சனவரியில் அடிவாரத்தில் 140 அடி உயர முருகன் சிலை திறக்கப்பட்டது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி அன்றாடக் கூலி பெற்ற மக்களின் சேமிப்பும் காவடியும் சேர்ந்து வளர்த்த மலை இது. படி ஏற இயலாத முதியோர் அடிவாரத்துச் சந்நிதிகளில் வழிபட்டு, பெருமானின் திருவுருவை நிமிர்ந்து நோக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரோடு வந்து சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் தொகுதியினர் அவர்கள். 1911 வரை இந்தியாவிலிருந்து அவ்வாறு சென்றவர்களின் தொகை 1,52,184. கரும்புத் தோட்டத்து லயங்களுக்கு அருகே மண்ணாலும் தகரத்தாலும் சிறு குடில்கள் எழுந்தன. அவற்றில் மாரியம்மனும் பிள்ளையாரும் முருகனும் குடியேறினார்கள். டர்பனுக்கு அருகே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் பெருவிழா இன்றும் புனித வெள்ளியை ஒட்டிய நாட்களில் நடைபெறுகிறது. வெள்ளைத் தோட்ட முதலாளிகள் விடுமுறை தந்தது அந்த நாட்களில் மட்டுமே என்பதால் அம்மனின் திருவிழாவும் அந்நாட்களில் அமைந்தது என்பர். கூலிக்காரரின் விடுமுறைக்காக அம்மன் தன் திருநாளை மாற்றிக்கொண்டாள் என்று சொன்னால் மிகையாகாது.

உலகம் சுற்றிய தமிழர் என்று பெயர்பெற்ற கோட்டையூர் ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காக 1937 முதல் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தவர். அவர் மாநகரங்களைப் பார்த்ததோடு நிற்கவில்லை. சென்ற நாடுகளில் தமிழர் எங்கே வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்றும் தேடிப் பார்த்து எழுதினார். பயணம் செல்வோர்க்கு அவர் காட்டிய வழி இன்றும் பொருந்தும்.

அமெரிக்காவில் வேங்கடவன்

நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்கு அடுத்தபடியாக நம்மவர் தேடிச் செல்ல வேண்டிய இடம், அந்நகரின் குவீன்சு பகுதியிலுள்ள ஃபிளஷிங் மகா வல்லப கணபதி கோயில். 7ஆம் எண் தடத்து ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கினால் சிறு தொலைவு. ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலான அன்பர்கள் 1970ஆம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்தனர். முன்பு கிறித்தவ தேவாலயமாக இருந்த இடம் ஒன்றை வாங்கினர். ஆகம முறைப்படி சிற்பிகளின் கைவண்ணத்தில் கோயில் எழுந்தது. 1977ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலைத் திருநாளன்று, குடமுழுக்கு நடைபெற்றது.

அக்கோயில் அமைந்த தெருவுக்குப் போன் தெரு என்று பெயர். அப்பெயருக்கு உரிய ஜான் போன் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவர். அக்காலத்தில் அரசு ஏற்ற சமயத்தைத் தவிர வேறு எதையும் கூடி வழிபடத் தடை இருந்தது. 1657ஆம் ஆண்டு அவ்வூர் மக்கள் அத்தடையை எதிர்த்து ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினர். 1662ஆம் ஆண்டு, குவேக்கர் சமயத்தாரைத் தம் வீட்டில் கூடி வழிபட விட்டதற்காக போன் சிறைப்பட்டார், நாடு கடத்தப்பட்டார், பின்னர் ஆலந்து நாட்டில் நியாயம் பெற்று ஊர் திரும்பினார். அவரவர் தெய்வத்தை அவரவர் வணங்கலாம் என்பதற்காகத் துன்புற்ற ஒருவரின் பெயர் தாங்கிய தெருவில், முந்நூறு ஆண்டுகள் கழித்து, விநாயகர் வந்து அமர்ந்தார். 2022ஆம் ஆண்டு அத்தெருவுக்கு 'கணேசர் கோயில் தெரு' என்ற பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டது. கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் கிடைக்கும் தோசைக்காகவே வரும் அயல்நாட்டாரும் உண்டு. வந்தவர்கள் மேலே சென்று கும்பிட்டும் போகிறார்கள்.

பிட்ஸ்பர்க் நகரம் இரும்பு ஆலைகளால் புகழ்பெற்றது. மூன்று ஆறுகள் கூடும் அவ்வூரின் புறத்தே, பென் ஹில்ஸ் குன்றுச் சரிவில், 1970களின் இடையில் வேங்கடேசுவரர் கோயில் எழுந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் துணை நின்றது. பனி பொழியும் மார்கழியில் வெண்மைக்குள் வெண்மையாகக் கோபுரம் நிற்கும் காட்சியைக் கண்டவர் மறப்பதில்லை. தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சொல்லப்பட்ட வேங்கடம், இப்போது அங்கே ஒரு குன்றாகி நிற்கிறது.

வாஷிங்டனில் வெள்ளை மாளிகையைக் காண்போர், அதன் புறநகராகிய லேன்ஹாமில் உள்ள சிவா விஷ்ணு கோயிலைத் தரிசிக்கலாம். சான் பிரான்சிஸ்கோவின் பொன்வாயில் பாலத்தைக் காண்போர்க்கு லிவர்மோர் என்னும் ஊரிலும் அதே பெயரில் ஒரு கோயில் உண்டு. ஊரில் தனித்தனியே கோயில் வைத்திருந்த சைவரும் வைணவரும், தெற்கத்தியரும் வடக்கத்தியரும், அங்கு ஒரே கூரையின் கீழ்க் கூடுகிறார்கள். இடம் வாங்கவும் கட்டவும் ஒருவரால் ஆகாது என்ற நெருக்கடியே அவர்களை ஒன்றுசேர்த்தது எனலாம். ஆனால் கோமதி அன்னை தவமிருந்து பெற்ற காட்சியும் அதுதானே!

லண்டனும் ஜெர்மனியும்

லண்டன் மாநகரில் ஹைகேட் முருகன் கோயில் ஆர்ச்வே சாலையில், 1986ஆம் ஆண்டு முதல் விளங்குகிறது. தாம் அரியணை ஏறியதன் பொன்விழா ஆண்டில், 2002ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள், எலிசபெத் அரசியார் இக்கோயிலுக்கு வருகை தந்தார். பிரித்தானியாவில் அவர் சென்ற முதல் இந்துக் கோயில் இதுவே. ஒரு காலத்தில் நம்மை ஆண்ட நாட்டின் அரசி, காலணி நீக்கி முருகன் சந்நிதிக்குள் நடந்தார்.

இங்கும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் கோயில்களை எழுப்பியவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடியவர்கள் அவர்கள். பாரிசில் 1985ஆம் ஆண்டு தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த்திருவிழாவில் தெருவெல்லாம் சிதறுதேங்காய் உடைபடுகிறது. ஜெர்மனியின் ஹாம் நகரில் 1989ஆம் ஆண்டு ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கியது காமாட்சி அம்பாள் வழிபாடு. 2002ஆம் ஆண்டு சூலை மாதம், தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில், இராசகோபுரத்தோடு கூடிய பெரிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. அருகே ஓடும் கால்வாயே அம்பாளின் தீர்த்தம்.

அதே மாநிலத்தில்தான் புகழ்பெற்ற கொலோன் பேராலயம் உள்ளது. 1248ஆம் ஆண்டு தொடங்கிய அதன் பணி 1880ஆம் ஆண்டுதான் நிறைவுற்றது, 632 ஆண்டுகள்! அதைக் கண்டு வியக்காதவர் இல்லை. கையில் ஒரு துணிப்பையோடு அகதியாக வந்தவர்கள் நிலவறையிலிருந்து கோபுரம் வரை வருவதற்கு ஆனவை 13 ஆண்டுகள். அதுவும் வியப்புக்கு உரியதே.

கண்ணாடிப் பேழைக்குள் நடராசர்

மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் நம் செப்புத் திருமேனிகளைக் காணும்போது முதியோர் பலருக்குக் கண் கலங்கும். கற்பூரம் இல்லை, மாலை இல்லை. மேலே மின்விளக்கு, கீழே எண். அவற்றுள் முறையாகச் சென்றவையும் உண்டு. களவாகச் சென்றவையும் உண்டு.

தஞ்சைத் தரணியில் பத்தூர் என்னும் சிற்றூரில் 1976ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசர், கைமாறிக் கைமாறி லண்டன் சென்றார். அவரை மீட்க லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், அக்கோயிலின் சிவலிங்கமும் வாதிகளுள் ஒருவராக நின்றார்! இந்து தருமத்தில் மூர்த்தி சட்டப்படி உரிமையுடையவர் என்பதை அயல்நாட்டு நீதிமன்றமும் ஏற்றது. 1991ஆம் ஆண்டு நடராசர் தமிழகம் திரும்பினார்.

தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982ஆம் ஆண்டு களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர்க் கலைக்கூடத்தில் இருந்தது கண்டறியப்பட்டது. 37 ஆண்டுகளுக்குப் பின், 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் தாயகம் மீண்டார். திருநெல்வேலிச் சீமையின் ஒரு கோயில் மூர்த்தி, தென்கோடிக் கண்டம் வரை சென்று திரும்பிய பயணம் அது. ஆகவே, அயல்நாட்டுக் கூடத்தில் ஒரு திருமேனியைக் கண்டால் அதன் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொள்ளுதல் நல்லது. பழைய படங்களும் ஊராரின் நினைவும் இத்தகைய மீட்புக்குப் பெருந்துணை.

புறப்படுவோர் நினைவில் கொள்ள

பக்தியோடு பயணம் செல்லும் முதியோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள் உதவும்.

கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் தேவைப்படும் வேளையில் பணம் கிடைக்காது. மருந்துகளை அவற்றின் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வைத்தல் நன்று. சக்கர நாற்காலி வேண்டுவோர் பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிடலாம்.

கற்பூரம் எரியும் பொருள். விமானத்தில் எடுத்துச் செல்லலாகாது. கொப்பரைத் தேங்காயையும் பாதுகாப்புச் சோதனையில் தடுப்பர். கங்கைத் தீர்த்தச் செம்பைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்வோர் பிரசாதம், விதை, மரப்பொருள் ஆகியவற்றை இறங்கியவுடன் அதிகாரிகளிடம் தெரிவித்தல் கட்டாயம். மறைத்தால் கடும் அபராதம். விபூதி, குங்குமத்தைச் சிறு உறைகளில் பெயர் எழுதி வைத்தால் விளக்கம் சொல்வது எளிது.

திதி, விரத நாட்களில் ஐயம் எழுவது இயல்பு. திதி முடியும் கணம் உலகுக்கு ஒன்றே. ஆனால் சூரிய உதயம் ஊருக்கு ஊர் வேறு. ஆகையால் ஊர்ப் பஞ்சாங்கத்தில் செவ்வாய்க்கிழமை வரும் ஏகாதசி, அமெரிக்காவில் திங்கட்கிழமையே வரலாம். பல கோயில்கள் தம் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தை அச்சிட்டு வழங்குகின்றன. அர்ச்சகரைக் கேட்டு நடப்பதே சரி. சங்கல்பத்தில் தேசத்தின் பெயரும் நதியின் பெயரும் அங்கே மாறி ஒலிக்கும். அதுகண்டு மயங்க வேண்டியதில்லை. நின்று வழிபடும் இடத்தைச் சொல்வதே சங்கல்பத்தின் நோக்கம்.

பேரப்பிள்ளைகளுக்காக

இக்கோயில்களைக் கட்டிய முதல் தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். சிலர் இறைவனடி சேர்ந்தனர். அடுத்த தலைமுறை எப்படி ஏற்று நடத்தும் என்ற கவலை எல்லா நாட்டுக் கோயில் நிருவாகத்தாரிடமும் இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தைப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் நொடியில் கண்டுவிடுவார்கள். கோபுரத்துக்குள் இருப்பவர் யார், அவரோடு தம் குடும்பத்துக்கு என்ன உறவு என்பதைக் கைப்பேசி சொல்லாது.

அதைச் சொல்ல வல்லவர்கள், ஆறு மாத விசாவில் வந்திறங்கும் தாத்தாவும் பாட்டியுமே. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், மாலை வேளைகளில் குழந்தையோடு இருப்பவர்கள் அவர்கள்தாம். சங்கன், பதுமன் கதையையும், புற்றுமண் பிரசாதத்தின் பெருமையையும், ஆடித்தபசுக்கு ஊரே வண்டி கட்டிச் சென்ற நாட்களையும் அவர்கள் சொன்னால், சனிக்கிழமை கோயிலுக்குச் செல்லும் குழந்தைக்கு அங்குள்ள மூர்த்தி, தன் தாத்தாவின் ஊர்க்காரர் என்று தோன்றும். அந்த உறவு பிறந்துவிட்டால் கோயிலைக் காக்க ஆள் தேட வேண்டியதில்லை.

ஆதலால் தயங்கி நிற்கும் பெரியவர்கள், உடல்நிலை இடம் கொடுத்தால், பிள்ளைகள் அழைக்கும்போது ஒருமுறை சென்று வரலாம். புறப்படும் முன் கோமதி அம்பாள் சந்நிதியில் விடைபெற்று, ஒரு பொட்டலம் புற்றுமண் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்; அதைக் கொண்டுசெல்ல அந்நாட்டு விதி இடம் தருகிறதா என்று விசாரித்துக்கொள்வதும் அவசியம். இடம் தராவிட்டாலும் குறையில்லை. கதைக்கு எந்த நாட்டிலும் சுங்கம் கிடையாது.